பொம்மைக்குப் பக்கத்துக் கட்டில்

என் வீட்டுக்காரர் செத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மையை இரண்டு பேர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த அதிர்ச்சி இன்னும் விட்டபாடில்லை. காய் நறுக்கும்போது கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டால்கூட, அந்தப் பொம்மையின் மார்பிலிருந்து வந்த 'டக், டக்' ஞாபகம் வந்து கை நின்றுவிடுகிறது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் யாரையாவது திட்டினால் கண்டுகொள்ளாதீர்கள். என் வாய் அப்படி.

அவர் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர். வாசலில் நின்று டிக்கெட்டைப் பாதியாகக் கிழித்துக் கொடுப்பார், விளக்கை அணைத்த பிறகு வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து சீட்டைக் காட்டுவார், அப்புறம் பின்சுவரில் சாய்ந்துகொண்டு படம் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் கதவுப் பக்கம் ஏதாவது வேலை இருக்கும். படத்தின் கடைசிக் காட்சியில்தான் எவரும் எழுந்து போக மாட்டார்கள், அவருக்கும் ஓய்வு. கடைசிக் காட்சி என்றால் யாராவது ஒருத்தர் சாக வேண்டும். அப்படி அவர் பார்த்த சாவுக்கு அளவே இல்லை. வீட்டில் சாதாரண ஜலதோஷம் வந்தாலும் ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையை என் பக்கம் நீட்டி, "நான் போனதுக்கு அப்புறம்..." என்று ஆரம்பித்துவிடுவார். "போறதுக்கு முன்னாடி அந்த டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போங்க" என்பேன்.

தியேட்டரை மூடி மரச்சாமான் கடை ஆக்கியபோது அவருக்கு வேலை போனது. ஆண்பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் பெண்பிள்ளைக்கு வேலை இரட்டிப்பு. என் அடுக்களை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கிவைத்து, எதில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நான் தவிப்பதை வேடிக்கை பார்த்தார். எங்கள் மாடியில் குடியிருந்த நர்ஸ்தான் வழி சொன்னாள். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் கல்லூரியில் நோயாளியாகப் படுத்துக்கிடக்க ஆள் தேடுகிறார்களாம். மாணவர்கள் அசல் நோயாளியிடம் போவதற்கு முன்னால் போலி நோயாளியிடம் பழக வேண்டுமாம். அவர் அன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டார். பின்சுவரில் நின்றவருக்குக் கடைசியில் ஒரு வேஷம் கிடைத்துவிட்டது. "என்ன வேலைக்குப் போறாரு?" என்று கேட்கிறவர்களிடம், "தினம் செத்துப் பிழைக்கிறார்" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

கல்லூரியின் இரண்டாம் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி அறை. பார்த்தால் அசல் வார்டுதான். வரிசையாகக் கட்டில்கள், நடுவில் இழுத்து மூடுகிற திரைகள், தலைமாட்டில் ஆக்சிஜன் குழாய். அந்தக் குழாய் சுவரோடு நின்றுவிடும், அதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் டீச்சர் உட்கார்ந்து பார்ப்பார், மைக்கில் பேசுவார், குரல் கூரையிலிருந்து வரும். கண்ணாடி ஓரக் கட்டிலில்தான் பொம்மை.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. நோயாளியாக நடிக்கிறவர் பேச்சு மூச்சில்லாமல் சாய்ந்தால், மாணவர்கள் அவரை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டில் பொம்மையிடம் மாறிவிட வேண்டும். நெஞ்சை அமுக்குவதெல்லாம் பொம்மைக்குத்தான். உயிருள்ள ஆளை அப்படி அமுக்கினால் விலா எலும்பு போய்விடும். பொம்மையின் மார்புக்குள் ஏதோ ஒன்று வைத்திருக்கிறார்கள், சரியான ஆழத்துக்கு அமுக்கினால் டக்கென்று சத்தம் போடும். சேர்ந்த முதல் நாளே எல்லாப் பிள்ளைகளையும் வாய்விட்டுச் சொல்லவைப்பார்கள்: 'மனுஷனை விடு, பொம்மைக்கு மாறு.' அவர் இதை வீட்டில் சொல்லிச் சலித்துக்கொள்வார். "கிளைமாக்ஸ் வந்ததும் என்னை விட்டுட்டு டூப்புகிட்ட போயிடறாங்க" என்பார்.

அவர் நடிப்பிலும் குறை சொன்னார்கள். நெற்றியில் வியர்வை காட்டுவதற்குத் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டில் ஒன்று வைத்திருந்தார். அதைப் பீய்ச்சிக்கொண்டு, கண்ணைச் செருகி, கழுத்தை வெட்டி, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுச் சாவார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "சார், நிஜத்துல யாரும் இப்படிச் சாகறதில்ல. பேச்சை நிறுத்திடுவாங்க, அவ்வளவுதான்" என்றாராம். அவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

இந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'நல்லது மேடம்'. அதற்குக் காரணம் இருக்கிறது. நர்சிங் படிக்க வருகிறதுகளில் நிறையப் பேர் பாதியில் ஓடிவிடுகிறார்கள். காலையில் வார்டில் திட்டு, மத்தியானம் பாடம், நேற்று வாயில் ஊட்டிவிட்ட ஆள் இன்று கட்டிலில் இருக்க மாட்டார். விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதால் வெளியே கேட்காது என்று எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். மேடம் இதற்கென்றே எங்கேயோ போய் நேர்மறை உளவியல் படித்துவிட்டு வந்தார். "மனசுல எங்க ஒடஞ்சிருக்குன்னு மட்டும் தேடாம, எது ஒடையாம நிக்குதுன்னும் பாக்கற படிப்பு சார்" என்று அவருக்கு விளக்கினாராம்.

அதிலிருந்து வந்ததுதான் 'நல்லது சொல்கிற நேரம்'. பயிற்சி முடிந்ததும் தப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கட்டிலில் கிடக்கிறவர்தான் முதலில் பேச வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நல்லது. 'நல்லா பண்ணினே' என்று பொதுவாகச் சொன்னால் செல்லாது. கண்ணால் கண்ட ஒன்றாக இருக்க வேண்டும். "ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில தேய்ச்சு சூடு பண்ணிட்டு வெச்சே, நெஞ்சு சில்லுனு ஆகல" என்கிற மாதிரி. அவர் அதில் கெட்டிக்காரராகிவிட்டார். பிள்ளைகள் அவரை 'பேஷன்ட் சார்' என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே சுற்றின.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வாய்ப்பந்தல் போட்டால் வெயில் அடங்குமா? போதாக்குறைக்கு அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒரு நாள் சாப்பிட்டு எழுந்து, "தட்டை வைக்கறப்ப சத்தம் வராம வெச்சே, நல்லா இருந்துச்சு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஆக்கிப் போடுகிறேன், மனுஷன் கண்ணில் பட்டது தட்டுச் சத்தம்.

"சாப்பாடு எப்படி இருந்துச்சாம்?" என்றேன்.

"நல்லா இருந்துச்சுன்னு பொதுவா சொன்னா செல்லாது. மேடம் சொல்லியிருக்காங்க."

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் அவரால் நல்லது சொல்ல முடியவில்லை. அவளுக்குப் பெயர் 'சிலை'. ஒல்லியான பெண், நெற்றி அகலம், யாரையும் நேராகப் பார்க்க மாட்டாள். வார்டில் ஒரு பெரியவருக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அவர் அவள் கண்ணெதிரிலேயே போய்விட்டார். மற்றவர்கள் ஓடி வந்தார்கள், கத்தினார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். இவள் ஈரத்துண்டைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். சீனியர் நர்ஸ் அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தித்தான் கட்டிலை நெருங்க முடிந்ததாம். அன்றிலிருந்து பயிற்சி அறையிலும் அப்படித்தான், மற்ற இரண்டு பேர் எல்லாவற்றையும் செய்து முடிக்கும்வரை இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"அந்தப் பொண்ணுக்குச் சொல்ல ஒரு நல்லது தேடறேன், கிடைக்க மாட்டேங்குது" என்று அவர் வீட்டில் புலம்புவார். ஒரு தடவை, "என் போர்வை நழுவினப்ப நீதான் இழுத்து மூடினே" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் அழுதுவிட்டாளாம். "அது நர்ஸ் வேலை இல்ல சார், அதை யார் வேணா செய்வாங்க" என்றாளாம். படிப்பை விட்டுவிடுவதென்று முடிவுசெய்து வீட்டுக்கும் சொல்லிவிட்டாள். அப்பா வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் அவளுக்கு இருந்த கடைசிப் பயிற்சி என் வீட்டுக்காரரோடுதான்.

அந்தப் பயிற்சிக்கு நோயாளியின் சொந்தக்காரராக வந்து பதறுவதற்கு ஒரு அம்மாள் வழக்கமாக வருவாள். அன்று அவளுக்குக் காய்ச்சல். மேடம் எனக்குப் போன் செய்தார். எனக்கும் இவர் என்னதான் செய்கிறார் என்று பார்க்க ஆசை, போனேன்.

"நீங்க பெருசா ஒண்ணும் செய்ய வேண்டாம். பதறணும், கத்தணும், பசங்களைத் தொந்தரவு பண்ணணும். அவங்க உங்களைச் சமாதானப்படுத்தி ஓரமா உட்கார வைப்பாங்க. அதுக்கும் மார்க் இருக்கு" என்றார் மேடம்.

"கத்தறதுக்கு எனக்குச் சொல்லித்தரவே வேண்டாம், இவர்கிட்ட கேளுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைய கதை சர்க்கரை குறைந்துபோன நோயாளி. வியர்க்க வேண்டும், மயக்கம் வர வேண்டும், உளற வேண்டும், பிள்ளைகள் கண்டுபிடித்து இனிப்பாகக் குடிக்கக் கொடுத்ததும் தெளிய வேண்டும். மூன்று பிள்ளைகள்: இரட்டைச் சடை போட்ட ஒருத்தி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பையன், சிலை. அவர் நெற்றியில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பாட்டிலைத் தலையணைக்கு அடியில் ஒளித்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஆரம்பம் ஒழுங்காகத்தான் போனது. "தலை சுத்துதும்மா" என்றார். நான் கத்தினேன், சடைக்காரி என் தோளைத் தொட்டாள். அடுத்து அவர் உளற வேண்டும். உளறவில்லை. என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், ஏதோ சொல்லப்போனார், சத்தம் வரவில்லை. கையை நெஞ்சில் வைக்கவில்லை. கழுத்தை வெட்டவில்லை. பேச்சை நிறுத்தினார், தலை மெதுவாகச் சாய்ந்தது. இவ்வளவு மோசமாக அவர் நடித்ததே கிடையாது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஐயோ, இவருக்கு நிஜமாவே ஏதோ ஆயிடுச்சு" என்றேன். "நடிப்பு இல்ல, நிஜம், யாராவது பாருங்க" என்று கத்தினேன்.

சடைக்காரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு கனிவு. "அம்மா, பயப்படாதீங்க. நாங்க இருக்கோம்ல, பார்த்துக்கறோம். நீங்க இப்படி உட்காருங்க" என்று என்னை ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று வேறு கேட்டாள். எல்லாவற்றையும் பழகினபடியே செய்தாள், ஒன்றைக்கூட விடவில்லை. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவளுக்கு மார்க் ஏறிக்கொண்டிருந்தது. புலி வருது, புலி வருது என்று ஆயிரம் தடவை சொன்ன ஊரில் நான் புலியைப் பார்த்துவிட்டு நின்றேன்.

கூரையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. என் வீட்டுக்காரர் இதற்கு முன்பும் கதையில் இல்லாததைச் சேர்த்து நடித்திருக்கிறார், பிள்ளைகளைச் சோதிக்க. இதுவும் அப்படியென்றே மேடம் நினைத்துவிட்டார். "நல்லா போகுது. பேஷன்ட் பேச்சு மூச்சு இல்லை. இப்ப என்ன செய்வீங்க?" என்றது குரல்.

சட்டப்படி செய்தார்கள். கண்ணாடிக்காரப் பையன் அவரை விட்டுவிட்டுப் பொம்மைக் கட்டிலுக்குத் தாவினான். சடைக்காரியும் ஓடினாள். அவன் பொம்மையின் நெஞ்சை அமுக்கினான், டக், டக், டக், உரக்க எண்ணினான். அவள் பொம்மையின் வாயில் காற்றுப்பையை வைத்து அழுத்தினாள், பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்கியது. பக்கத்தில் என் புருஷனின் நெஞ்சு அசையாமல் கிடந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் திறந்திருந்தது, அதிலிருந்து சத்தம் வருவது நின்றுபோயிருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த நாற்காலியின் பிளாஸ்டிக் கைப்பிடி என் விரலுக்கடியில் வழுக்குகிறது.

சிலை மட்டும் அவர் கட்டிலை விட்டுப் போகவில்லை. வழக்கம்போல நின்றாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அவர் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள், தலையணையைச் சரிசெய்கிறவள் மாதிரி. கையை வெளியே எடுத்தாள். சொட்டச் சொட்ட ஈரம். அவர் பீய்ச்சிக்கொண்டது நெற்றியில் மட்டும், பின்கழுத்தில் எவரும் பீய்ச்சிக்கொள்வதில்லை. அவள் தன் கையைப் பார்த்தாள். கழுத்து நரம்பில் இரண்டு விரலை வைத்தாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், அந்த அறையில் அதுவரை என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

"அம்மா, வெளியே போய் யாரையாவது கூப்பிடுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. தண்ணீர் கேட்கிற குரல்தான்.

எனக்குக் கால் வந்தது. எழுந்தேன். அவள் தலையணையை உருவி எறிந்துவிட்டுக் கட்டில் மேல் முழங்காலிட்டு ஏறுவதையும், இரண்டு கைகளையும் சேர்த்து அவர் நெஞ்சில் வைப்பதையும் பார்த்தேன். கதவருகே போகும்போது ஒரு சத்தம் கேட்டது. பொம்மையின் டக் இல்லை. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். பின்னாலிருந்து பையன், "ஏய், பொம்மை இங்க இருக்கு" என்று சொல்வதும் கேட்டது.

கல்லூரியையும் ஆஸ்பத்திரியையும் சேர்க்கிற மூடிய நடைபாலம் அந்த மாடியிலேயே இருந்தது. அதில் எப்படி ஓடினேன் என்று தெரியாது, செருப்பு ஒன்று அங்கேயே கிடந்ததாகப் பிறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். எதிரே தள்ளுவண்டியோடு வந்த ஒரு நர்ஸைப் பிடித்துக்கொண்டேன். "புருஷன், பொம்மை, பக்கத்துக் கட்டில்" என்றுதான் என் வாயில் வந்தது. அதில் ஒரு அர்த்தமும் இல்லை. அந்த மகராசி அர்த்தம் தேடவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூவி அழைத்துக்கொண்டு ஓடினாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது பையன் பொம்மையின் மேல் கையை வைத்தபடியே பேயறைந்தவன் மாதிரி நின்றான். சடைக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். மேடம் கட்டிலருகே மண்டியிட்டு அவர் வாயில் காற்றுப்பையை அழுத்திக்கொண்டிருந்தார். சிலை எண்ணிக்கொண்டே அமுக்கிக்கொண்டிருந்தாள். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்திருந்தது. மெஷினைக் கொண்டுவந்தார்கள், நெஞ்சில் கரண்ட் வைத்தார்கள், எல்லாரையும் விலகச் சொன்னார்கள். அவர் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. அவருக்கு மூச்சு வந்ததை நான் என் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டேன்.

அன்று முழுக்க தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நல்லா போகுதுன்னு சொன்னீங்களே" என்றேன். "என் கண்ணு முன்னாடி என் புருஷன் போயிட்டிருக்காரு, மேலேயிருந்து நல்லா போகுதுன்னு ஒரு குரல்."

உண்மையாகவே உடம்புக்கு முடியாமல் போனால் சொல்வதற்கென்று ஒரு சொல் இருப்பதை அப்போதுதான் மேடம் சொன்னார். அந்தச் சொல் வந்தால் எல்லாம் நின்றுவிடும், விளக்கெல்லாம் போட்டுவிடுவார்கள். என் வீட்டுக்காரரே தேர்ந்தெடுத்த சொல்லாம், 'இடைவேளை'. என்னிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் கட்டிலில் வாயைத் திறந்தது அதைச் சொல்லத்தான். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு சொல், அது என் கையில் இருந்திருந்தால் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேனா?

அவர் பிழைத்தார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு, அதை எடுத்தார்கள். விலாவில் ஒரு எலும்பு உடைந்திருந்தது. சிரித்தால் வலிக்கும், இருமினால் வலிக்கும், ஆகையால் ஜன்மத்தில் முதல் தடவையாக அவர் நடிக்காமல் படுத்துக்கிடந்தார். சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு ஊரே வந்து பார்த்தது. கல்லூரியில் சிலையை மேடையேற்றிக் கைதட்டியதாகப் பையன் வந்து சொன்னான். தைரியம், நிதானம், அர்ப்பணிப்பு என்று ஆளாளுக்கு அடுக்கினார்களாம். அவள் பாதியில் எழுந்து போய்விட்டாளாம்.

ஒரு மத்தியானம் அவளே வந்தாள். யூனிபாரம் இல்லை, சாதாரண உடுப்பு. கூடவே அவள் அப்பா. அவர் உள்ளே வரக் கூச்சப்பட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"கிளம்பறேன் சார். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கிளம்பறியா? இவர் உயிரைக் காப்பாத்திட்டு நீ எங்கேடி கிளம்பறே?"

அவள் தரையைப் பார்த்தாள். "நான் காப்பாத்தல ஆன்ட்டி. எல்லாரும் தப்பா நினைச்சுட்டிருக்காங்க. எனக்குப் பதட்டத்துல கட்டில் மாறிப்போச்சு. மனுஷனை விட்டுட்டுப் பொம்மைக்கு மாறணும், முதல் நாள் சொல்லித்தந்த சட்டம். மத்த ரெண்டு பேரும் சரியா போனாங்க. நான் தப்பான கட்டில்ல ஏறிட்டேன், எலும்பையும் ஒடச்சுட்டேன். அது நிஜமா இருந்தது அவரோட அதிர்ஷ்டம். நாளைக்கு வார்டுல என் தப்பு இப்படிக் கைகொடுக்காது."

நானும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஒரு பெண் ஒரு உயிரைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, அதைத் தப்புக் கணக்கில் எழுதிக்கொண்டு ஊருக்குப் போகிறாள். பொம்மையைப் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு அதிர்ந்துபோகவில்லை.

"நீ கட்டில் மாறல" என்றேன். "நான் அங்கதான் உட்கார்ந்திருந்தேன். பின்கழுத்துல கை வெச்சு ஈரத்தைப் பார்த்தே. நாடி பார்த்தே. என்னைப் பார்த்தே. வெளியே போய் யாரையாவது கூப்பிடுங்கன்னு சொன்னே. நோயாளியோட ஆளைச் சமாதானப்படுத்தி உட்கார வெச்சாத்தான் மார்க். உட்கார்ந்தவளை எழுப்பி ஓட விட்டா ஏது மார்க்? நடிப்புன்னு நினைச்சிருந்தா அதைச் சொல்லியிருப்பியா?"

"நான் அப்படிச் சொல்லல ஆன்ட்டி. எனக்கு ஞாபகமே இல்ல. நீங்களும் நல்லது சொல்லணுமேன்னு சொல்றீங்க. அங்க எல்லாருக்கும் அதைச் சொல்லித்தான் பழக்கம். எது நிஜம்னே எனக்குத் தெரியல."

"நான் நல்லது சொல்றேனா? நானா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவர்கிட்ட கேளு. என் வாயிலேயிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து இவர் கேட்டிருக்காரான்னு கேளு."

"சத்தியமா இல்லம்மா" என்றார் அவர். சிரிப்பு வந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

அவள் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. நம்பவில்லை. கையைக் கூப்பி விடைபெறத்தான் திரும்பினாள். விலாவைப் பிடிக்க அவர் கையைத் தூக்கியதில் போர்வை விலகியிருந்தது, ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த அந்தக் கை வெளியே தெரிந்தது. அவள் நின்றாள். பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கும் அவருக்கும் அந்தக் கையில் ஒன்றும் தெரியவில்லை. அவள் குனிந்து ஊசி குத்தியிருந்த இடத்துக்கு மேலே ஒரு விரலால் அமுக்கினாள், குழி விழுந்து அப்படியே இருந்தது. இன்னொரு கையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் அது வீங்கியிருப்பது எனக்கு உறைத்தது. மருந்து நரம்புக்குள் போகாமல் சதையில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி மூடினாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, வெளியே போய் சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்றாள்.

அதே குரல். தண்ணீர் கேட்கிற குரல். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து இரண்டடி வைத்த பிறகுதான் எழுந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு கையில் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரலை அவளே கேட்டுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது, துடைக்க அவர் கையைத் தூக்கவில்லை.

நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். வெளியே வந்தேன். பெஞ்சில் அவள் அப்பா பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என்னைக் கண்டதும் பாதி எழுந்தார்.

"போகலாமாங்க? முடிஞ்சுதா?" என்றார்.

"உங்க பொண்ணு வேலையா இருக்கா" என்றேன். "பெட்டியைக் கீழே வைங்க." சொல்லிவிட்டு சிஸ்டரைக் கூப்பிடப் போனேன்.